லயத்து வாசலில் டேலியா

எங்கள் தோட்டத்தில் பூ வளர்த்தவர்களுக்கு நிலம் இருந்ததில்லை. நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் கையால் பூ வளர்த்ததும் இல்லை. இன்று பதுளை டவுனில் எனக்கென்று ஒரு வீடும் அதன் முன்னால் சின்னதாக ஒரு முற்றமும் இருக்கின்றன. அந்தூரியத் தொட்டிகளுக்கும் பன்னங்களுக்கும் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில், என்னை வளர்த்தவர்களுக்குக் கிடைக்காத இந்த முற்றத்தைப் பற்றித்தான் நினைப்பு ஓடும். அதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று பல காலமாக எண்ணம். எழுதச் சொன்னவர்களும் உண்டு. பாடசாலையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த நாட்களில் நேரம் வாய்க்கவில்லை.

அறுபதுகளில் ஹாலி-எலைக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பிரா. அதில் ஏழு பேர். காம்பிராவுக்கு முன்னால் இஸ்தோப்பு. இஸ்தோப்பைத் தாண்டினால் கான். கானைத் தாண்டினால் அடுத்த லயத்தின் பின்சுவர். கானுக்கும் இஸ்தோப்புக்கும் நடுவில் இரண்டடி அகலத்தில் மண் கிடந்தது. அந்த மண் எங்களுடையது அல்ல. லயமும் எங்களுடையது அல்ல. தோட்டத்தில் பேர் பதிந்திருக்கும் வரைக்கும்தான் காம்பிரா. அப்பாயிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் அவள் அந்த மண்ணில் ஒரு செடியும் வைக்கவில்லை. எல்லாவற்றையும் டின்னில் வைத்தாள். வேறு காம்பிராவுக்குப் போகச் சொன்னாலும் செடி கூடவே வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

பால்மா டின், பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின், விரிசல் விட்ட சட்டி, ஓட்டை வாளி, ஸ்டோரிலிருந்து கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிப் பலகை எல்லாம் அவளுக்குத் தொட்டிதான். அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் டின்னுக்கு அடியில் ஓட்டை போடுவாள். முதலில் உடைந்த ஓட்டுத் துண்டு, அதற்கு மேல் அடுப்புக்கரி, அதற்கு மேல்தான் மண். மலையில் மண் எடுக்க விடமாட்டார்கள். மழை வடிந்த பிறகு கானில் தங்கும் வண்டல், மாட்டுப்பட்டிக் குப்பை, வீட்டில் சேரும் தேத்தூள் சக்கை, அடுப்புச் சாம்பல். இவ்வளவையும் பிசைந்து நாட்கணக்கில் சாக்குக்குக் கீழே மூடி வைப்பாள். பிற்காலத்தில் நான் பாடப் புத்தகத்தில் படித்த வடிகால், காற்றோட்டம், மக்கல் என்ற மூன்றையும் அவள் சொல்லாமல் செய்து காட்டியிருந்தாள்.

டேலியாதான் அவளுடைய உயிர். பதுளைப் பக்கம் ஐப்பசியில் தொடங்கும் மழை தை வரைக்கும் விடாது. ஈரத்தில் கிழங்கு அழுகிவிடும். மழைக்கு முந்தியே தோண்டி, மண்ணைத் தட்டி, சாம்பல் தடவி, அடுப்புக்கு மேலே அட்டலில் புகை படும் இடத்தில் வைப்பாள். தை பிறந்ததும் எடுத்து நடுவாள். சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கருஞ்சிவப்பு டேலியா கரகத்தில் ஏறும். லயத்தில் பெண்கள் வந்து கேட்டால், "பூவ எடுத்துக்க புள்ள, கண்ண மட்டும் ஒடச்சிராத" என்பாள். கிழங்கின் கழுத்தில் இருக்கும் முளையைத்தான் கண் என்பாள். முளை இல்லாத டேலியாக் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் துளிர்க்காது.

அப்பா பங்களாத் தோட்டக்காரர். காலைப் பெரட்டில் மற்றவர்களை மலைக்குப் பிரித்து அனுப்பும்போது இவர் நேரே பங்களாவுக்கு ஏறிப் போய்விடுவார். புல்தரை, ரோசாப் பாத்தி, ஸ்வீட் பீ கொடிகள் எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே ஒரு பன்ன வீடு இருந்தது. மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து, உள்ளே வெயில் கீற்றுக் கீற்றாக மட்டும் விழும்படி கட்டியிருந்தார்கள். கம்பிக் கூடைகளில் பாசி அடைத்து, அதில் பன்னங்கள் தொங்கும். கறுத்த மெல்லிய காம்பில் கொத்தமல்லி இலைபோல் விரியும் அடியாண்டம் அங்கேதான் எனக்கு அறிமுகம். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் உள்ளே எட்டிப் பார்ப்பேன். கீழே கொதிக்கிற சித்திரை வெயிலிலும் அதற்குள் சுனைக்கரைக் குளிர்ச்சி இருக்கும்.

அப்பா பங்களாவில் பன்னத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற அதே நேரத்தில், கீழே மலையில் சித்தப்பாமார் தேயிலைக்குள் முளைத்த பன்னத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கான் ஓரத்தில் முளைத்தால் களை. கூடையில் தொங்கினால் அலங்காரம். இரண்டு வேலைக்கும் நாள் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்று. சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. இவ்வளவு பன்னம் மலையெல்லாம் கிடக்கும்போது, இதற்கென்று ஒரு வீடு கட்டி ஆள் வைப்பானேன் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "தொரைசாணிமாருக்கு அவுங்க ஊர்ல இருந்தே இதுல ஆச" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது வரலாற்றில் உண்மை. 1829இல் லண்டனில் நத்தானியல் பாக்‌ஷா வார்ட் என்ற மருத்துவர் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈரமண்ணோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்ணில் பட்டது, மண்ணிலிருந்து தானாக முளைத்த ஒரு சிறு பன்னமும் புல்லும். லண்டனின் நிலக்கரிப் புகையில் அவர் வீட்டுத் தோட்டத்தில் பன்னங்கள் பிழைக்கவே இல்லை. போத்தலுக்குள் பிழைத்தது. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் சுவரில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்குகிறது என்று அவர் கண்டுகொண்டார். அதிலிருந்து கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். 1833இல் அவற்றில் செடிகளை வைத்துச் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு இங்கிலாந்தில் வசதியான வீட்டுப் பெண்களிடையே பன்னம் சேர்ப்பது ஒரு வெறியாகவே பரவியது. சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் 1855இல் அதற்குப் பன்னப் பித்து என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்தார்.

அந்தப் பெட்டி பன்னத்தோடு நிற்கவில்லை. 1848க்குப் பிறகு ரொபர்ட் ஃபோர்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கொண்டுபோனது வார்டின் பெட்டிகளில்தான். ரப்பரும் சிங்கோனாவும் கடல் கடந்து ஊர் மாறியதும் அவ்வகைப் பெட்டிகளால்தான். கடல்கடந்த பயிர்களை நம்பித்தான் தோட்டங்கள் எழுந்தன. இலங்கையில் கோப்பி 1869இல் இலைத்துரு நோய் கண்டு அழியத் தொடங்கியபோது, தேயிலை அந்த மலைகளைப் பிடித்துக்கொண்டது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து எங்கள் முன்னோர் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழி நடந்தது இந்தப் பயிர்களுக்காக. ஒரு மருத்துவரின் போத்தலில் தற்செயலாக முளைத்த பன்னத்துக்கும் எங்கள் லயத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கூடைகளை இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருப்பார்.

பங்களாவில் கவாத்து வெட்டிய ரோசாக் குச்சிகளையும் பிரித்தெடுத்த பெகோனியாத் துண்டுகளையும் குப்பைக்குழியில் கொட்டச் சொல்வார்கள். அப்பா அவற்றில் சிலதைத் தலைத்துண்டில் சுற்றிக்கொண்டு வருவார். குப்பையைத்தான் எடுத்தார். ஆனாலும் பயந்து பயந்துதான் எடுத்தார். வீட்டில் அம்மா அவற்றை வாங்கி உயிர்ப்பித்தாள்.

அம்மாவுக்கு அந்தக் கைப்பக்குவம் வந்தது தேயிலை நர்சரியில். விதைத் தேயிலையை விட்டுவிட்டு, நல்ல செடியின் கிளையிலிருந்து தண்டு வெட்டிக் கன்று வளர்க்கும் முறை அந்த ஆண்டுகளில் தோட்டங்களுக்குப் பரவிக்கொண்டிருந்தது. ஒரு இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே ஒரு விரல் தண்டு. இவ்வளவுதான் ஒரு கட்டிங். பொலித்தீன் பையில் கீழ்மண் நிரப்பி, அதில் குத்தி, ஈரம் போகாமல் பொலித்தீனால் மூடி, மேலே நிழல் போடுவார்கள். நிழலுக்குப் போட்டதும் பன்னம்தான். மலைச்சரிவுகளில் அடர்ந்து கிடக்கும், சிங்களத்தில் கெகில்ல என்று சொல்லும் பன்னத்தின் ஓலையை வெட்டிவந்து செருகுவார்கள். அது காய்ந்தாலும் இலை சீக்கிரம் உதிராது. கன்று வளர வளர நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அம்மாவும் அவளோடு வேலை செய்த பெண்களும் பகலில் கம்பனித் தேயிலைக்குச் செய்ததை, பொழுது சாய்ந்ததும் ஜெரனியத்துக்கும் ஃபியூஷியாவுக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கும் செய்தார்கள். கிழிந்த பொலித்தீனைச் சேர்த்து வைத்து மூடினார்கள். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் பூத்தது ஒரு வருசத்துக்குள் எல்லா வீட்டிலும் பூத்தது இப்படித்தான்.

ஹைட்ரேஞ்சியாவில் ஒரு புதிர் இருந்தது. லயத்துச் சுவரோரம் டின்னில் இருந்தது இளஞ்சிவப்பாகப் பூக்கும். அதன் குச்சியையே வெட்டி மேட்டில் வைத்தால் நீலமாகப் பூக்கும். அப்பாயி அதை அம்மன் விளையாட்டு என்று விட்டுவிட்டாள். படித்து முடித்த பிறகுதான் எனக்கு விடை கிடைத்தது. தேயிலை மலையின் மண் புளிப்பு மண். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அது பூவில் சேர்ந்தால் நீலம். லயத்துச் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு மழையில் கரைந்து டின்னுக்குள் இறங்கினால் புளிப்பு முறியும், நீலம் சிவப்பாகிவிடும். தேயிலைக்கும் அதே புளிப்பு மண்தான் வேண்டும். தேயிலை செழிக்கும் இடமெல்லாம் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதற்கு இதுதான் காரணம். பிற்காலத்தில் வகுப்பில் அமிலமும் காரமும் படிப்பிக்கும்போது இரண்டு நிறப் பூக்களையும் ஒரு போத்தலில் செருகிக் கொண்டுபோவேன். லிட்மஸ் தாளைவிட அது பிள்ளைகள் மனதில் நின்றது.

ஒரு முறை லயன் பார்க்க வந்த அதிகாரி ஒருவர், கானை அடைக்கிறது என்று சொல்லி டின்கள் அவ்வளவையும் அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார். அம்மா மலையில் இருந்த நேரம். அப்பாயி ஒவ்வொரு டின்னாகத் தூக்கி, காம்பிராவுக்குள் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். வெளிச்சம் இல்லாமல் இலைகள் வெளிறின. ஒரு வாரம் கழித்து ஒன்றிரண்டாக மீண்டும் வாசலுக்கு வந்தன. யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வாரத்தை அப்பாயி சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கோபத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ஒரு மனுசிக்கு உரிமை என்று இருந்தது அந்த டின்கள் மட்டும்தான்.

1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் லயத்தை எட்டியபோது நான் சிறுவன். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரசாவுரிமை என்று இரண்டு அரசாங்கங்களும் எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டுக்கொண்டன. எழுபதுகளில் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. பதுளை ஸ்டேசனில் ரயிலேறி, தலைமன்னார் போய்க் கப்பலேற வேண்டும். தகரப் பெட்டியில் துணி, சாமிப்படம், அம்மி என்று கட்டுவார்கள். செடியைக் கொண்டுபோக முடியாது. புறப்படுகிற அன்று காலையில் டின்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்து கொடுப்பார்கள். எங்கள் இஸ்தோப்பு நிறைந்தது இப்படித்தான். போனவர்களின் முறைப்பேரே செடிக்குப் பேராயிற்று. கோத்தகிரி அக்கா ரோசா, கூடலூர் மாமா பெகோனியா. ரோசா மொட்டு விட்டால், "அக்கா நல்லா இருக்கு போல" என்பாள் அம்மா. நீலகிரியில் அவர்களில் பலர் மறுபடியும் தேயிலை மலையில்தான் பேர் பதிந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை எரிந்ததற்குப் பிறகு போனவர்கள் செடி கொடுத்துவிட்டுப் போகிற நிலையில் இல்லை. அடுத்த வருசம் கப்பலும் நின்றுவிட்டது.

1974 பஞ்சத்தையும் சொல்ல வேண்டும். மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் சனங்கள் பட்டினியால் செத்த காலம் அது. அப்பாயி டேலியாக் கிழங்கை அட்டலிலேயே விட்டுவிட்டு, டின்களில் வல்லாரையும் கீரையும் போட்டாள். மேட்டில் மரவள்ளி ஊன்றினாள். அந்த வருசத் திருவிழாவுக்கு எங்கள் வாசலில் பூ இல்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, 2022இல் நாடே பணமில்லாமல் நின்றபோது, பதுளை டவுனில் அந்தூரியம் வைத்திருந்த வீடுகள் மிளகாயும் கத்தரியும் வைத்தன. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது. என் வீட்டுத் தொட்டிகளிலும் வல்லாரை வளர்ந்தது. யூரியா இல்லாமல் வளர்க்க எனக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. அப்பாயி சாக்குக்குக் கீழே மூடி வைத்த மண்ணை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன்.

இன்று அப்பா வேலை செய்த பங்களா வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதி. பன்ன வீட்டைத் திருத்திக் கட்டி, அதற்குள் மேசை போட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள். பன்னங்களைப் பார்த்துக்கொள்வது அதே லயத்தில் இருக்கும் ஒரு பெண். தோட்டங்களை அரசாங்கம் 1972இலும் 1975இலும் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. இவ்வளவு கைமாறியும் அந்தப் பெண் இருப்பது நான் பிறந்த அதே வகைக் காம்பிராவில்.

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகிற பாதையோரங்களில் இப்போது பூக்கன்று விற்கும் தட்டிகள் உண்டு. அந்தூரியம், ஓர்கிட், ஜெரனியம், வரிசை வரிசையாகப் பன்னம். கல்யாண மண்டப அலங்காரத்துக்கு அந்தூரியப் பூவையும் பன்ன ஓலையையும் கட்டுக்கட்டாகக் கேட்டு வாங்குகிறார்கள். போனில் படம் அனுப்பினால் பஸ்ஸில் போட்டுவிடுகிறார்கள். சித்தப்பாமார் பிடுங்கி எறிந்த பன்னத்தை, அவர்களுடைய பேத்திமார் தொட்டியில் வைத்து விலை சொல்கிறார்கள். எனக்கு அதில் அளவில்லாத சந்தோசம். ஒரு தட்டியில் நல்ல அடியாண்டம் பார்த்து வாங்கினேன்.

"சேர், கச்சான் காத்துக்கு இத வெளிய வச்சிராதீங்க. ஒரே நாள்ல சுருண்டு போயிரும்."

"எங்கம்மா படிச்ச இதெல்லாம்?"

"நர்சரியில கட்டிங் போட்டவதானே சேர் நான். பாத்துப் பாத்து வந்ததுதான்."

அவள் சொன்ன கச்சான்தான் பதுளையில் பன்னம் வளர்ப்பவர்களுக்குப் பெரிய சோதனை. ஆடி, ஆவணி, புரட்டாசியில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப்பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்டு இறங்குகிறது. அந்த வறட்சியில் கொழுந்தின் வளர்ச்சி குறைந்து மணம் கூடுகிறது. ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பேர் வாங்குவது அந்த மாதங்களின் கொழுந்தால்தான். அதே காற்று பன்னத்தின் ஓலையைக் கருக்கிவிடும். அந்த மாதங்களில் நான் தொட்டிகளைத் தனித்தனியாக வைப்பதில்லை. சுவரோரம் நெருக்கி வைத்து, கீழே மணல் பரப்பி மணலை நனைத்து வைக்கிறேன். காற்று வரும் பக்கம் ஈரச் சாக்கு தொங்கவிடுகிறேன். இலையில் தண்ணீர் அடிப்பதைவிடச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்திருப்பதுதான் பிழைக்க வைக்கிறது. பதுளை டவுன் கடல் மட்டத்துக்கு 680 மீற்றர் அளவில் இருக்கிறது. பண்டாரவளை, அப்புத்தளை போலக் குளிராது. டேலியாவும் ஃபியூஷியாவும் இங்கே சோர்ந்துவிடும். அந்தூரியத்துக்கும் டென்ட்ரோபியம் ஓர்கிட்டுக்கும் மான்கொம்புப் பன்னத்துக்கும் இந்தச் சூடு ஏற்றது. மேலே வளர்ந்ததைக் கீழேயும் வளர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், இடத்துக்கு ஏற்றதை வைப்பவர்கள்தான் நன்றாக வளர்க்கிறார்கள்.

விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றும் இல்லை. பன்னத்துக்கு விதை கிடையாது. ஓலைக்கு அடியில் மண்ணிறப் புள்ளியாக இருப்பது வித்தித் திரள். முற்றிய ஓலையை வெள்ளைத் தாளில் மடித்து இரண்டு நாள் வைத்தால் தூள் உதிரும். ஒரு செங்கல்லைக் கொதிநீரில் ஊறவைத்து, ஆறியதும் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, அந்தத் தூளை மேலே தட்டுங்கள். ஒரு மெகா போத்தலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து மூடுங்கள். நிழலில் இருக்கட்டும். சில வாரங்களில் கல்லில் பச்சை படியும். இன்னும் சில மாதங்களில் அதிலிருந்து நகக்கண் அளவில் ஓலை எழும்பும். வார்ட் லண்டனில் போத்தலில் கண்டதை என் சமையலறை ஜன்னலில் பேரப்பிள்ளைகள் காண்கிறார்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. டெங்கு நுளம்பு அதில்தான் முட்டையிடும். இலைக்குருத்தில் தண்ணீர் தேக்கும் பிரோமிலியாட் வகைகளையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து ஊற்ற வேண்டும். இன்னொன்று மரப்பன்னம். ஓர்கிட் கட்டுவதற்கென்று அதன் நாரடர்ந்த அடிமரத்தை வெட்டி வருகிறார்கள். ஆளுயரத்துக்கு வளர அதற்கு எத்தனையோ வருசம் பிடிக்கும். சர்வதேச வர்த்தகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட தாவரங்களின் பட்டியலில் அது இருக்கிறது. நம் நாட்டில் தென்னந்தும்புக்கும் மட்டைக்கும் பஞ்சமில்லை. ஓர்கிட்டுக்கு அது போதும்.

பதுளையில் ஒரு காலத்தில் அரசாங்கத் தாவரவியல் பூங்காவே இருந்தது என்று இன்று சொன்னால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள். 1886இல் பேராதனையின் கிளையாக அது தொடங்கப்பட்டது. இன்று அது இல்லை. 1861இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கி, பிறகு பூந்தோட்டமாக வளர்ந்த ஹக்கலை இன்றும் இருக்கிறது. வெலிமடைப் பாதையில் போனால் எட்டிவிடலாம். பன்னத்துக்கென்றே அங்கே ஒரு பகுதி உண்டு. பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது அங்கேதான் அதிக நேரம் நிற்போம். "சேர், இது எங்க லயத்துக் கான்ல இருக்கே" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். இருக்கிறது. ஊவா மலைகளில் பிறந்த பிள்ளைக்குத் தன் கானில் முளைப்பதன் பெயரும் பெருமையும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவர்களைக் கூட்டிப்போனேன்.

லயங்களை உடைத்துவிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்று ஒரு திட்டம் வந்தது. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 177 சதுர மீற்றர். எங்கள் காம்பிரா 11 சதுர மீற்றர். இந்திய அரசாங்கத்தின் உதவியில் கட்டிய வீடுகள் பலவற்றை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். நல்ல வீடுகள். மண்சரிவுக்குப் பயப்பட வேண்டாத இடத்தில் அவை இருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களை நாம் மறக்கக் கூடாது. குடியேறிய வீடுகளில் முதல் மாதத்திலேயே வாசலில் செடி வந்துவிடுகிறது. ஆனால் பல வீடுகளில் அதுவும் டின்னிலும் பேக்கிலும்தான் இருக்கிறது. ஏன் தரையில் வைக்கவில்லை என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "உறுதி கைக்கு வரட்டும் சேர், வப்போம்" என்றார். அப்பாயி போட்ட அதே கணக்கு.

வீடு கட்டித் தருகிறவர்களிடமும் திட்டம் வரைகிறவர்களிடமும் நான் கேட்பது இரண்டே விடயங்கள். வாசலை முழுக்கச் சீமெந்தால் மூடிவிடாமல் ஒரு பாத்தி அளவு மண்ணை விடுங்கள். அந்த மண்ணையும் சேர்த்து காணி உறுதியை வீட்டுப் பெண்ணின் பெயரில் எழுதி, குடியேறும் அன்றைக்கே கையில் கொடுங்கள். இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று. பண்டாரவளைப் பாதையில் பன்னம் வாங்க நிறுத்தினால், விற்கிற பெண்ணிடம் பேரம் பேசாதீர்கள். எப்படி வளர்ப்பது என்று அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரிந்தது இன்னும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.